பாஸ்கல் விதியும் பஞ்சுப் பெடலும்

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். இது பாஸ்கல் விதி. வாசகர்களாகிய நீங்கள் இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். விதியின் கீழே இரண்டு பயன்கள் தரப்பட்டிருக்கும்: ஒன்று நீரியல் அழுத்தி, மற்றொன்று மோட்டார் வண்டியின் நீரியல் தடை. பக்கத்தில் ஒரு படம்: இடது புறம் ஒரு கால் பெடலை மிதிக்கிறது, வலது புறம் இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து ஓர் உருளையின் உட்புறத்தைத் தொடுகின்றன. நடுவில் ஒரு குழாய். படம் அழகாகத்தான் இருக்கும். தேர்வில் வரைந்தால் ஐந்து மதிப்பெண் கிடைக்கும்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எனக்குக் குறை. அது பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறது. விட்டுப்போன மற்றப் பாதியில் மனித உயிர் இருக்கிறது.

குறை ஏற்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் உண்டு. அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது என்றாலும், என் வண்டி இன்னும் ஓடுகிறது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே திரவச் சுற்று. எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை என்று பொருள். ஆகவே, ஒரு சக்கரத்தில் கசிவைக் கண்டதும் மொத்த பிரேக்கையும் பழுதுபார்க்கக் கொடுத்தேன். மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர்கள், எட்டு பிஸ்டன்களுக்கும் புது ரப்பர் கப்புகள், எட்டு ஷூக்களுக்கும் புது லைனிங். டிரம்களில் பள்ளம் விழுந்திருந்ததால் லேத்தில் கொடுத்துக் கடைந்தும் ஆயிற்று. வண்டி திரும்பி வந்தது. பெடலை மிதித்தேன். மெத்தையை மிதித்ததுபோல் கால் உள்ளே போயிற்று.

"காற்று இருக்கிறது" என்றார்கள். காற்றை எடுத்தார்கள். மறுநாளும் அப்படியே. மீண்டும் எடுத்தார்கள். நான்கு முறை எடுத்தும், ஒரு லிட்டருக்கு மேல் திரவம் தரையில் போயும், பெடல் பஞ்சாகவே இருந்தது. கடைசியில், "ஓட ஓட செட் ஆகிவிடும் சார்" என்று அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு ரயில்வே கேட்டில், முன்னால் நின்ற மணல் லாரியின் பின்புறத்துக்கும் என் காரின் மூக்குக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கையில் வண்டி நின்றது. பெடலை மூன்று முறை மிதித்த பிறகு!

அன்று மாலை பாடநூலையும், மோட்டார் மெக்கானிக் தொழிலுக்கென வரும் கையேடுகள் இரண்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாடநூல், கையேடு, பட்டறை வாக்கு ஆகிய மூன்றைப் பற்றியும் எனக்கு அப்போது ஏற்பட்ட கருத்துகளே இக்கட்டுரை.

விசையைச் சொன்னார்கள், தூரத்தைச் சொல்லவில்லை

பாடநூல் என்ன சொல்கிறது? சிறிய பிஸ்டனில் சிறிய விசை. பெரிய பரப்பில் பெரிய விசை. உண்மை. ஒரு சாதாரணக் காருக்கு நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். காலால் 20 கிலோ எடையளவு விசை கொடுப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்குகிறது. ஆக, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 100 கிலோ. அதன் விட்டம் 19 மி.மீ. என்றால், பரப்பு ஏறத்தாழ 2.84 ச.செ.மீ. திரவத்தில் உண்டாகும் அழுத்தம் ஒரு ச.செ.மீ.க்குச் சுமார் 35 கிலோ. சக்கரங்களில் உள்ள எட்டு பிஸ்டன்களும் 22 மி.மீ. விட்டமுடையவை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் பரப்பும் 3.8 ச.செ.மீ. எட்டையும் சேர்த்தால் ஷூக்களைத் தள்ளும் விசை ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. 20 கிலோ ஒரு டன்னுக்கு மேலாக மாறிவிட்டது! பாடநூல் இங்கே கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை என்பதையும் அதே பாடநூல் வேறொரு அத்தியாயத்தில் சொல்லியிருக்கும். விசை 53 மடங்கு கூடினால் நகரும் தூரம் 53-இல் ஒரு பங்காகக் குறைந்தாக வேண்டும். பெடல் தரை வரை போக 15 செ.மீ. என்று கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 செ.மீ. நகரும். அது தள்ளும் திரவம் எட்டரைக் கன செ.மீ., அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. அந்த இரண்டு தேக்கரண்டி எட்டு பிஸ்டன்களுக்கும் பங்கு போகும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நகரக்கூடிய தூரம் 2.8 மி.மீ. மட்டுமே. காலை முழுவதும் அழுத்தி, கார் தரையை உதைத்தாலும் கிடைப்பது அவ்வளவுதான்.

மெதுப் பெடலின் இரகசியம் முழுவதும் இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. பிரேக்கில் நமக்குத் தட்டுப்பாடாக இருப்பது விசையன்று. திரவத்தின் கன அளவு. இருக்கும் எட்டரைக் கன செ.மீ.யில் யார் எவ்வளவு திருடுகிறார்கள் என்பதே கேள்வி. திருடர்கள் பலர். காற்று அவர்களில் ஒருவன், பெயர் பெற்றவன்.

காற்றின் பங்கு எவ்வளவு? 1 கன செ.மீ. காற்றுக் குமிழி உள்ளே இருக்கிறது என்போம். பாயில் விதிப்படி, அழுத்தம் 36 மடங்கானால் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அந்த 1 கன செ.மீ. இடத்தை நிரப்பப் பெடல் கூடுதலாக 1.7 செ.மீ. கீழே போகவேண்டும். ஒரு விரல் கனத்துக்குக் கூடுதலாக, அவ்வளவுதான்.

இப்போது இரண்டாவது திருடனைப் பாருங்கள். புது லைனிங் போட்டு, ஷூக்களுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டார்கள்; ஒவ்வொரு பிஸ்டனும் அரை மி.மீ. வீண் பயணம் செய்கிறது. அரை மி.மீ.யை யார் பெரிதாக நினைப்பார்கள்? ஆனால் அது 53 மடங்காகப் பெருகிப் பெடலில் 2.7 செ.மீ.யாக வந்து நிற்கிறது. 1 கன செ.மீ. காற்றைவிட இது பெரிய திருட்டு. டிரம் கடையப்பட்டிருந்தால் இடைவெளி இன்னும் கூடும். இந்தத் திருடனை ஒரு லாரி நிறையத் திரவத்தை ஓடவிட்டாலும் பிடிக்க முடியாது. அட்ஜஸ்டரைத் திருகும் ஸ்பானர்தான் பிடிக்கும்.

திரவம் அழுத்தத்தால் சுருங்காது என்று பாடநூல் சொல்வதையும் போகிற போக்கில் திருத்திக்கொள்வோம். 35 கிலோ அழுத்தத்தில் பிரேக் திரவம் ஆயிரத்தில் இரண்டு பங்கு சுருங்கும். 100 கன செ.மீ. திரவம் இருந்தால் சுருக்கம் 0.2 கன செ.மீ. இது சிறு திருட்டு, மன்னித்துவிடலாம். ஆனால் "சுருங்கவே சுருங்காது" என்று மாணவனுக்குச் சொல்வது சரியன்று.

கையேட்டின் பட்டியல்

கையேடுகளில் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். "கோளாறு – காரணம் – நிவர்த்தி" என்று மூன்று பத்திகள். "பெடல் மெதுவாக உள்ளது" என்ற கோளாற்றுக்கு எதிரே காரணங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள்: குழாயில் காற்று, திரவம் குறைவு, ரப்பர் தேய்வு, ஷூ சரியில்லை, ஹோஸ் பலவீனம். எல்லாம் சரியானவையே. தவறு எங்கே என்றால், எல்லாம் ஒரே தட்டில் பரிமாறப்பட்டிருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு சொல் இல்லை. காய்ச்சல் என்று வந்தவனிடம் காய்ச்சலுக்குரிய நோய்களின் பட்டியலை நீட்டும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா? அவர் நாடி பார்க்க வேண்டும், நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும்.

பெடலுக்கும் நாடி உண்டு. அதை உங்கள் காலாலேயே பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வெற்றிட உதவியுள்ள புதிய வகை வண்டியானால், எஞ்சின் நின்ற பிறகு நாலைந்து முறை மிதித்து அந்த உதவியைத் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாடி தெரியாது.

முதலில் பெடலை ஒரு முறை மிதித்து எவ்வளவு போகிறது என்று பாருங்கள். உடனே வேகமாக மூன்று நான்கு முறை மிதியுங்கள். பெடல் மேலே ஏறி, ஏறிய இடத்தில் கல்லைப்போல் கெட்டியாக நின்றால், திருடன் ஷூ இடைவெளி. வேகமாக மிதிக்கும்போது ஷூக்கள் முழுவதும் திரும்புவதற்குள் மேலிருந்து புதுத் திரவம் இறங்கி இடத்தை நிரப்பிவிடுகிறது. அதனால்தான் பெடல் ஏறுகிறது. ஏறினாலும் மேலே நின்று துள்ளினால், காற்று. மிதித்தபடியே அரை நிமிடம் காலை வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால், எங்கோ கசிவு. வெளியே ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் கப்பைத் தாண்டித் திரவம் பின்னோக்கிப் போகிறது. இந்தக் குறி தெரிந்தால் அந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே கூடாது.

மூன்றிலும் சேராத ஒன்று உண்டு. எத்தனை முறை மிதித்தாலும் பெடல் ஏறவில்லை, தாழவும் இல்லை, ஆனால் ரப்பரை மிதிப்பதுபோல் இருக்கிறது. என் காருக்கு வந்தது இதுதான். இதைப் பற்றிக் கையேடுகள் அநேகமாக வாய் திறப்பதில்லை. "பஞ்சு போன்ற பெடல் என்றால் காற்று" என்று சமன்பாடு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன.

அந்தச் சமன்பாடு சரிதானா? கணக்கு வேறு கதை சொல்கிறது. காற்றுக் குமிழியின் அழுத்தம் ஐந்து மடங்கானாலே அது ஐந்தில் நான்கு பங்கு சுருங்கிவிடும். அதற்குத் தேவைப்படும் கால் விசை இரண்டு மூன்று கிலோதான். அதாவது காற்று தன் திருட்டையெல்லாம் மெல்லக் காலை வைக்கும்போதே முடித்துவிடுகிறது. 10 கிலோவிலிருந்து 20 கிலோவுக்கு அழுத்தும்போது அது மேற்கொண்டு ஏறத்தாழ ஒன்றும் கொடுப்பதில்லை. ஆகவே, தொடக்கத்தில் தளர்ந்து பிறகு இறுகினால் காற்றின் மேல் சந்தேகப்படலாம். அழுத்த அழுத்த அதே விகிதத்தில் கீழே போய்க்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு திடப்பொருள் வில்லைப்போல் வளைகிறது அல்லது உப்புகிறது. பழைய ஹோஸ் உப்பலாம். மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்ட தகடு அசையலாம். அளவுக்கு மேல் கடைந்து மெலிந்துபோன டிரம் விரியலாம். அல்லது ஷூவே வளையலாம்.

ஷூ ஏன் வளைய வேண்டும்? டிரம்மைக் கடைந்தபோது அதன் விட்டம் 1.5 மி.மீ. கூடியது என்று கொள்ளுங்கள், ஆரம் 0.75 மி.மீ. கூடியிருக்கும். புது லைனிங்கோ கடையாத டிரம்மின் வளைவுக்குச் செய்யப்பட்டது. சிறிய வளைவைப் பெரிய வளைவுக்குள் வைத்தால் நடுவில் மட்டும் தொடும். ஷூவின் வில் சுமார் 110 பாகை என்றால், இரு முனைகளிலும் ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி நிற்கும். பெடலை அழுத்தும்போது அந்த இடைவெளி மூடும்வரை ஷூ வில்லாக வளைந்துகொண்டே இருக்கும். அந்த வளைவுதான் 53 மடங்காகப் பெருகிக் காலுக்கு மெத்தையாகத் தெரிகிறது. திரவத்தில் ஒரு துளிக் காற்றும் இல்லாமலே இது நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கையேட்டில் இல்லாத ஒரு வழி என் நண்பரான வயதான மெக்கானிக் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. என் காரில் மூன்று ரப்பர் ஹோஸ்கள்: முன்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, பின்னால் ஒன்று. ஹோஸை நசுக்காமல் பிடிப்பதற்கென்று உருண்டை விளிம்புள்ள இடுக்கி உண்டு. மூன்றையும் இறுக்கிவிட்டுப் பெடலை மிதித்தார்: கல். அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரில் குற்றமில்லை. பின்பக்க ஹோஸை விட்டார்: சற்று இறங்கியது, ஆனால் கெட்டிதான். முன்னால் இடப்பக்கத்தை விட்டார்: மெத்தை. வலப்பக்கமும் அதேபோல். கால் மணி நேரத்தில் நான்கு நாள் குழப்பம் தீர்ந்தது. முன் டிரம்களைக் கழற்றினோம். லைனிங்கின் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு. இரு முனைகளும் கடையில் வாங்கியபடியே சொரசொரப்பு. (சாதாரணக் குறடு கொண்டு ஹோஸை நசுக்காதீர்கள். உள்ளே அறுந்துவிடும், வெளியே தெரியாது.)

லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு அரைத்து எடுத்தோம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். ஆகவே தூளை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

"ஓட ஓட" என்னும் வேதம்

பட்டறை வாக்கை முழுவதும் தள்ளிவிட நான் வரவில்லை. ஓட ஓட லைனிங்கின் நடுப்பகுதி தேய்ந்து வளைவு பொருந்தும் என்பது மெய். எத்தனை நாளில், எத்தனை கிலோ மீட்டரில் என்பதுதான் கேள்வி. அதுவரை பிரேக் பிடிப்பது மூன்று விரல் அகல லைனிங். முழு லைனிங் ஏற்கவேண்டிய வெப்பத்தை அது மட்டும் ஏற்கிறது. அதிக வெப்பத்தில் லைனிங்கின் முகம் கண்ணாடிபோலாகி வழுக்கத் தொடங்கிவிட்டால், பிறகு ஓடினாலும் செட் ஆகாது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே இறங்குகிறவரிடம் "ஓட ஓட" என்று சொல்லிப் பாருங்கள்.

"காற்றை எடு" என்பதிலும் பாதி உண்மை உண்டு. எல்லாக் குழாயையும் கழற்றி மாட்டிய பிறகு காற்று இருக்கத்தான் செய்யும். ஆனால் நான்காம் முறையும் அதே நிப்பிளைத் திறக்கும்போது ஒரு கேள்வி எழ வேண்டும்: காற்று அந்த நிப்பிளுக்கு வர வழி இருக்கிறதா? முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள சில கார்களில் இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிவிட முடியும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும். காற்று திரவத்துக்கு மேலேதானே தங்கும்? கீழே திறந்து விடிய விடியத் திரவத்தை விட்டாலும் மேலே உள்ள குமிழி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புது ரப்பர் போட்ட மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மேசையில் வைத்து அதனுள் உள்ள காற்றைப் போக்கிவிட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

காற்று போவதைப் போலவே, போன காற்று திரும்பி வருவதும் உண்டு. டிரம் பிரேக் உள்ள பல பழைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் அது குழாயில் ஒரு ச.செ.மீ.க்கு அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை அழுத்தம் நிற்கச் செய்கிறது. அந்தச் சிறு அழுத்தம்தான் சக்கரச் சிலிண்டரில் ரப்பர் கப்பின் உதடுகளைச் சுவரோடு ஒட்டவைத்து, வெளிக்காற்று உள்ளே நுழையாமல் காக்கிறது. பழுதுபார்க்கும்போது இந்தத் துண்டு பழைய ரப்பர்களோடு குப்பைக்குப் போய்விட்டால், வண்டி அன்று சரியாகவே இருக்கும்; சில நாளில் மறுபடியும் மெதுவாகும்.

இன்னொன்று. காற்று எடுக்கும்போது உதவியாளைப் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்வது எங்கும் வழக்கம். பழைய மாஸ்டர் சிலிண்டரின் ஆழப்பகுதியில் பிஸ்டன் பல ஆண்டுகளாகப் போயிருக்காது. அங்கே துருவும் கசடும் படிந்திருக்கும். ரப்பர் கப்பை அதன் மேல் இழுத்தால் உதடு கிழிந்துவிடும். காற்றை எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்த கதைகள் நிறைய. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். இந்த மரக்கட்டையைச் சொல்லாத கையேடு எத்தனை பக்கம் இருந்தும் பயனில்லை என்பது என் கட்சி.

பெயரால் வரும் கேடு

நம் ஊரில் எல்லாரும் அதைப் "பிரேக் ஆயில்" என்கிறோம். சொல்லளவில் எனக்கு அதில் பிணக்கில்லை. ஆனால் அது எண்ணெயன்று. சாதாரணமாக விற்கும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சேர்மங்களைக் கொண்டவை. தண்ணீரோடு கலக்கும் இயல்புடையவை. எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் ஆகிய எண்ணெய் இனத்தவற்றைப் பிரேக்கின் ரப்பர் தாங்காது. ஊறி, உப்பி, குழகுழத்துவிடும். ஆயில் என்று பெயர் வைத்ததால், ஆபத்துக்கு எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். பழுதுபார்க்கும்போது சிலிண்டர்களைப் பெட்ரோலில் அலசிவிட்டு, ஈரம் காயுமுன் புது ரப்பரைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புது பிரேக் திரவத்தாலோ சாராயத்தாலோ கழுவுவதே சரி. தமிழில் எழுதும் கையேடுகளாவது "பிரேக் திரவம்" என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

தண்ணீரோடு கலக்கும் என்றேன் அல்லவா? திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது விதி, ஏறத்தாழ 3.7 விழுக்காடு ஈரம் ஏறிய பிறகு 140 பாகைக்குக் குறையாமல் இருந்தால் போதும். வித்தியாசத்தைப் பாருங்கள். மலையிறக்கத்தில் டிரம் சூடேறி அந்தத் திரவம் கொதித்தால், குழாய்க்குள் ஆவி உண்டாகும். சமவெளியில் கல்லாக இருந்த பெடல் வளைவில் பஞ்சாகிவிடும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி கல்லாகிவிடும். பட்டறையில் போய்ச் சொன்னால் நம்பமாட்டார்கள். திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சமிருந்ததைப் புதுப் பழுதுபார்ப்புக்கு ஊற்றுவது எவ்வளவு பெரிய சிக்கனம்!

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பாஸ்கலின் நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் வெளிவந்தது. நீரியல் பிரேக்குக்கு அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் காப்புரிமை பெற்றது 1917-இல். (விமானங்களால் பெயர்பெற்ற ஆலன் லாக்ஹீட் இவருடைய சகோதரர்தான்.) 1921-இல் டியூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் அந்த பிரேக் வந்தது, 1924-இல் கிறைஸ்லர் வந்தது. விதி தெரிந்து இரண்டரை நூற்றாண்டு ஆகியும் பிரேக் வராததற்கு மோட்டார் கார் இல்லாதது ஒரு காரணம். ஆனால் கார் வந்த பிறகும் தொல்லை கொடுத்தது விதியன்று, அடைப்பு. லாக்ஹீட் முதலில் போட்ட தோல் கப்புகள் கசிந்தன. கிறைஸ்லரின் பொறியாளர்கள் ரப்பர் கப்புகளைப் போட்டுத்தான் அதை நம்பத்தக்கதாக ஆக்கினார்கள். பாடநூல் படத்தில் இந்த ரப்பர் கப்பு ஒரு கோடாகக்கூட வருவதில்லை. பிஸ்டன் அந்தரத்தில் நகர்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி எவ்வளவு என்ற குறிப்பு இல்லை. ஷூவை இழுத்துத் திருப்பும் சுருள்வில்லைப் பல படங்களில் காணோம்.

பாடநூல் எழுதுகிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒன்று செய்யலாம். "20 கிலோ விசை ஆயிரம் கிலோ ஆவது எப்படி?" என்ற வினாவுக்குக் கீழே இன்னொரு வினாவைச் சேர்க்கலாம்: "பெடல் 15 செ.மீ. நகரும்போது ஷூ எவ்வளவு நகரும்? குழாயில் 1 கன செ.மீ. காற்று இருந்தால் பெடல் எவ்வளவு கூடுதலாக இறங்கும்?" பத்தாம் வகுப்பு மாணவனுக்கு இது கடினமான கணக்கன்று. பாஸ்கலையும் பாயிலையும் நெம்புகோலையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். அப்படிப் படித்தவர்களில் சிலர் நாளை பட்டறை வைப்பார்கள்.

லைனிங்கை அரைத்து மாட்டி, அட்ஜஸ்டர்களை முடுக்கி, ஒரே ஒரு முறை காற்று எடுத்த பிறகு என் காரின் பெடல் 6 செ.மீ. இறங்கி நிற்கிறது. தரைக்கு மேலே 9 செ.மீ. மீதி. மாதம் ஒரு முறை அடிக்கோல் வைத்து அளந்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்துவருகிறேன்.